முழந்தாளிடுவோர் எழவும் வேண்டும்

(நமது ஆலயப் பொன்விழாவையொட்டிக் கொண்டாடப்பட்ட முதியோர் நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் முதியோருக்கென ஒரு நாளை ஒதுக்கிய விழாக்குழுவினர், அன்று பேச வேண்டிய பொருளை நம் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர். தள்ளாத வயதில் பொறுமை, நல்ல மரணத்திற்கு ஆயத்தம், செபமாலையின் மகிமை என்று எதையேனும் எடுத்துக்கொள்வோம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருள் முழங்கால். பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிப்பவர்களில் ஐம்பதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை என்பதும் தெரிகிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். இவ்வாண்டு வீடு மந்திரிக்கத் தெருத்தெருவாகச் சென்றபோது, ஞாயிறு திருப்பலிக்கு வராமல் நின்றுவிட்ட முதியவர்களிடம் ஏன் வருவதில்லை என்று விசாரித்தோம். விசுவாசம் குன்றியவர் என்று சொல்லத்தக்கவர் ஒருவரையும் காணோம். பெரும்பாலோர் காட்டியது தங்கள் முட்டியை. இவ்வாலயத்திற்கு அடிக்கல் நாட்டிய நாளில் மண்சட்டி சுமந்த ஒரு பாட்டியார் ஆறு மாதமாகக் கோவிலுக்கு வரவில்லை. "எழுந்தேற்ற நேரத்துல எல்லாரும் முட்டி போடயில நான் மட்டும் நாற்காலியில குந்திக்கிட்டு இருந்தா, ஆண்டவர் என்ன நெனைப்பாரு சாமி?" என்று கேட்டார். வலியைவிட வெட்கமே அந்த அம்மாளை வீட்டில் வைத்திருக்கிறது. எனவே முதலில் அந்த வெட்கத்தைப் பற்றியும், பிறகு வலியைப் பற்றியும் பேசுவோம்.

முழந்தாளிடுவது நம் வழிபாட்டில் உயர்ந்த செயல், அதில் ஐயமில்லை. ஆனால் திருச்சபை எக்காலத்தும் எல்லோரையும் முழந்தாளில் நிறுத்தியதில்லை. கி.பி. 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய முதற் பொதுச்சங்கம், நாம் விசுவாசப் பிரமாணத்தில் நினைவுகூரும் அதே சங்கம், தன் இருபதாவது சட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா காலத்திலும் விசுவாசிகள் நின்றுகொண்டே செபிக்க வேண்டும் என்று விதித்தது. உயிர்த்த ஆண்டவரைக் கொண்டாடும் நாளில் நிற்பதே தகும் என்பது அப்பிதாக்களின் கருத்து. இன்று நம் கையில் உள்ள திருப்பலி நூலின் பொதுப் போதனையோ, எழுந்தேற்ற வேளையில் முழந்தாளிடச் சொல்லும் அதே 43-ஆம் பத்தியில், உடல்நலக் குறைவோ இடநெருக்கடியோ வேறு தகுந்த காரணமோ இருந்தால் வேண்டாம் என்கிறது. அப்படிப்பட்டவர்கள், குருவானவர் முழந்தாளிட்டு வணங்கும்போது தலைதாழ்த்தி வணங்கினால் போதும் என்கிறது. நம் நாட்டைப் பொறுத்தவரை இன்னும் ஒரு படி மேல். 1969-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய ஆயர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி உரோமை அனுமதித்த பன்னிரண்டு குறிப்புகளில், முழந்தாளிட்டு வணங்குவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ்ந்து வணங்கலாம் என்பதும் ஒன்று. ஆகவே அந்தப் பாட்டியாருக்கு நம் பதில்: அம்மா, நாற்காலியில் அமர்ந்து கைகூப்பித் தலைதாழ்த்துங்கள். அது குறைந்த வணக்கம் அன்று.

எருசலேம் ஆயராயிருந்த புனித யாகப்பரின் முழங்கால்கள், ஓயாது மண்டியிட்டுச் செபித்ததால் ஒட்டகத்தின் முழங்காலைப் போல் காய்த்துப் போயிருந்தன என்று இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த எகேசிப்பு என்பவர் எழுதிவைத்ததை, யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் எடுத்துக் காட்டியிருக்கிறார். குருமடத்தில் இதைப் படித்த நாளில் நமக்கும் அப்படி ஒரு முழங்கால் வாய்க்காதா என்ற ஆசை இருந்தது. இன்றோ, யாகப்பர் எழும்போது எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். மண்டியிடுவதைவிட மண்டியிட்ட இடத்திலிருந்து எழுவதே பாடு. பெரிய வெள்ளிக்கிழமையன்று பொது மன்றாட்டுகளின்போது முழந்தாளிடச் சொல்லும் தியாக்கோன், அடுத்தபடியாக எழவும் சொல்கிறார். இன்றைய பேச்சு முழுவதும் அந்த இரண்டாவது கட்டளையைப் பற்றியதே.

பெரியவர்களுக்குத் தனிமை வேண்டாம். இந்த நோயில் நல்ல துணை உண்டு. 2022-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் முழங்கால் நோவினால் சக்கர நாற்காலிக்கு வந்தார். அவ்வாண்டு ஜூலையில் செல்லவிருந்த ஆப்பிரிக்கப் பயணத்தைத் தள்ளிவைத்தார். ஆனால் அதே மாதம் கனடாவுக்கு நாற்காலியிலேயே போனார். தள்ளிவைத்த காங்கோவுக்கும் தென் சூடானுக்கும் 2023-இல் போய்ச் சேர்ந்தார். 2025 ஏப்ரலில் இறைவனடி சேரும்வரை நாற்காலியில் அமர்ந்தபடியே திருச்சபையை நடத்தினார். அவரைப் பார்த்து, முழந்தாளிடவில்லையே என்று யாரேனும் குறை சொன்னதுண்டா? அவருக்கு முன்னே, இரட்சகர் சபையைத் தோற்றுவித்த புனித அல்போன்ஸ் லிகோரியார் வாத நோயால் கழுத்து வளைந்து, தலை மார்பில் படிந்த நிலையிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்து, தொண்ணூறாம் வயதில் 1787-இல் மரித்தார். மூட்டு நோயுற்றோர்க்கு அவரே பாதுகாவலர்.

நிற்க. பாதுகாவலரிடம் மன்றாடிவிட்டுச் சும்மா படுத்துக்கிடக்கலாம் என்று நாம் சொல்ல வரவில்லை.

முழங்கால் என்பது தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடம். முன்னே சில்லு. இரண்டு எலும்பு முனைகளின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இந்தக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. கடற்பஞ்சை அழுக்கி விட்டால் தண்ணீரை எப்படி உறிஞ்சுகிறதோ, அப்படியே கால் அசையும்போது மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அது தன் உணவை எடுத்துக்கொள்கிறது. அசைவே அதற்குச் சாப்பாடு. வயது, உடற்பருமன், பழைய அடி, பரம்பரை இவற்றால் அது தேய்கிறபோது, அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வும் தொல்லைப்பட்டு வலிக்கிறது. மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் எழுதுவது இதைத்தான். "தேய்ந்துவிட்டது" என்ற ஒரு சொல் நம் மக்களை எவ்வளவு பயமுறுத்திவிட்டது என்பதை வீடுகளில் பார்த்தோம். சைக்கிள் டயரைப் போல, இனி உருட்டினால் கிழிந்துவிடும் என்று எண்ணி அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். எக்ஸ்ரே படத்தில் மோசமாகத் தேய்ந்தவர் வலியின்றி நடப்பதும், படத்தில் சொற்பமே தேய்ந்தவர் வலியால் துடிப்பதும் மருத்துவர்கள் அன்றாடம் காண்பது. படம் ஒன்றே வலியைத் தீர்மானிப்பதில்லை.

பின் வேறு எது? இங்கேதான் நம் மக்கள் கேள்விப்படாத ஒரு செய்தி இருக்கிறது. தொடையின் முன்புறம் நான்கு கிளைகளாகச் சேர்ந்து, சில்லைக் கவ்வி, கணைக்கால் எலும்பில் போய்ப் பற்றும் ஒரு பெரிய தசை உண்டு. நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, கிணற்றடியில் குந்தி எழுவது எல்லாம் அதன் வேலை. காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியைத் தாங்குவதும் அதுவே, வண்டிக்கு வில் இருப்பதுபோல. வில் தளர்ந்த வண்டியில் குலுக்கல் முழுவதும் அச்சுக்குப் போகும். தசை தளர்ந்த காலில் பாரம் முழுவதும் மூட்டுக்குப் போகும். வயது ஏற ஏறத் தசை சிறுக்கிறது. தசை சிறுக்கும் வேகத்தைவிடப் பலம் குறையும் வேகம் அதிகம். போதாததற்கு, முழங்காலில் வலியும் வீக்கமும் இருந்தால், அந்தத் தசையை முழு மூச்சில் இயங்கவிடாமல் நரம்புகளே தடுத்துவிடுகின்றன. ஆக, வலிப்பதால் உட்காருகிறோம். உட்காருவதால் தசை மெலிகிறது. மெலிந்ததால் மூட்டில் பாரம் ஏறுகிறது. பாரம் ஏறியதால் இன்னும் வலிக்கிறது. செக்குமாடு சுற்றுவதுபோல் இது சுற்றிக்கொண்டே போய் ஒரு நாள் கட்டிலில் கொண்டுபோய் விடும்.

கட்டிலைப் பற்றி ஒரு கணக்கு. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோய் நொடியில்லாத முதியவர்கள் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. காய்ச்சலுக்குப் பத்து நாள் படுத்த நம் பெரியவர்கள், காய்ச்சல் போனபின்னும் எழ முடியாமல் தவிப்பது ஏன் என்பது இதனால் விளங்கும்.

போன தசை திரும்புமா? "எண்பது வயசுக்கு மேல என்ன சாமி வரப்போவுது?" என்று நம்மிடம் கேட்காதவர் இல்லை. 1990-இல் பாஸ்டன் நகரில் மருத்துவர் பியத்தரோனே என்ற அம்மையாரும் அவர் குழுவினரும், முதியோர் இல்லம் ஒன்றில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது தொண்ணூறு, மூத்தவருக்குத் தொண்ணூற்றாறு. வாரம் மூன்று நாள், எட்டு வாரம், உட்கார்ந்தபடியே காலால் எடை தூக்கும் பயிற்சி. முடித்தவர் ஒன்பது பேர். தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. நம்பாதவர்களுக்காக 1994-இல் நூறு பேரைக் கொண்டு மறுபடியும் செய்தார்கள். இவர்களுக்குச் சராசரி வயது எண்பத்தேழு. பலம் கூடியதோடு நடையும் விரைந்தது, படி ஏறும் திறனும் வளர்ந்தது. அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. நம் ஊருக்கு அதுதான் முக்கியம். சிலருக்குப் பயிற்சியின்றிச் சத்துப் பானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தசைப் பலத்தில் முன்னேற்றம் இல்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் டப்பாக்களை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க.

அவர்கள் பொதுவாகத் தளர்ந்த முதியவர்கள். முழங்கால் நோய்க்காரர்களுக்கு என்ன சான்று என்று கேட்டால் அதுவும் உண்டு. 1997-இல் அறுபது வயதைத் தாண்டிய 439 முழங்கால் நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவை நடக்கவும், ஒரு பிரிவை எடை தூக்கவும் செய்து, மூன்றாம் பிரிவுக்கு உடல்நலப் போதனை மட்டும் அளித்தார்கள். பதினெட்டு மாத முடிவில், நடந்தவர்களுக்கும் எடை தூக்கியவர்களுக்கும் வலியும் முடக்கமும் போதனை கேட்டவர்களைவிடக் குறைவாயிருந்தன. அற்புதம் நடந்துவிடவில்லை, ஓரளவு நன்மை. ஆனால் நடந்ததாலும் தூக்கியதாலும் மூட்டு கெட்டுப்போகவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். பிரசங்கம் கேட்டவர்களுக்குத்தான் பலன் கடைசி என்பதில் நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

"வீட்டு வேலையெல்லாம் செய்கிறோமே, அது போதாதா?" என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது உண்மை. ஆனால் தினமும் ஒரே குடம் இறைத்தால் ஊற்று அந்த ஒரு குடத்திற்கே பழகிவிடும். வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான பாரத்தை, கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றினால்தான் தசை வளரும். அடுப்படியில் ஆறு மணி நேரம் நிற்பது காலைச் சோர்வடையச் செய்யும், வலுப்படுத்தாது.

செய்யவேண்டியது பெரிய காரியமில்லை. கைப்பிடியுள்ள, அசையாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மெல்ல நேரே நீட்டுங்கள். தொடை இறுகுவது தெரியும். மங்கள வார்த்தை செபத்தின் முற்பாதி முடியும்வரை அப்படியே நிறுத்துங்கள். பிற்பாதியில் மெல்ல இறக்குங்கள். செபமாலையில் பத்து மணி முடிந்தால் பத்துத் தடவை. அடுத்த பத்து மணி அடுத்த காலுக்கு. இது எளிதாகிவிட்டால், கணுக்காலில் அரைக் கிலோ மணலைத் துணிப்பையில் கட்டிக்கொள்ளலாம். இரண்டாவது பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மீண்டும் உட்காருவது. முதலில் கையை ஊன்றி. பழகியபின் ஒரு கையை ஊன்றி. பிறகு கைகளை மார்பின் குறுக்கே சிலுவையாக வைத்துக்கொண்டு. உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெல்ல இறங்குங்கள். அதில்தான் பாதிப் பலன். மூன்றாவது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது. மூச்சை அடக்க வேண்டாம். இரத்த அழுத்தம் ஏறும். வாயால் செபம் சொல்லிக்கொண்டிருந்தால் மூச்சு அடங்காது. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆறு, எட்டு வாரமாவது செய்தபின்தான் வித்தியாசம் தெரியும்.

செபத்தை உடற்பயிற்சிக்குத் தாளமாக்கலாமா என்று மரியாயின் சேனையைச் சேர்ந்த ஓர் அம்மாள் நம்மிடம் கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார். குடும்ப செபமாலை நேரத்தில் வேண்டாம். தனியே சொல்லும்போது தாராளமாகச் செய்யலாம். சிலுவைப் பாதையில் பதினான்கு தலத்திலும் முழந்தாளிட்டு எழுந்துதானே நம் முன்னோர் செபித்தார்கள்? அந்தத் தவக்கால வெள்ளிக்கிழமைகளே நம் பாட்டிமார்களின் தொடைப் பலத்திற்கு ஒரு காரணமாயிருந்திருக்கலாம் என்பது நம் ஊகம். ஆய்வு என்று கொள்ள வேண்டாம்.

பயிற்சியில் சற்று வலி தோன்றினால் பயம் வேண்டாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் சரி. முட்டி வீங்கினாலோ, மறுநாள் வலி கூடியிருந்தாலோ அளவைப் பாதியாகக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். முட்டி சூடாகச் சிவந்து காய்ச்சல் வந்தாலும், விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலும், கெண்டைக்கால் திடீரென்று வீங்கினாலும், செபமாலையை வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போகவேண்டும். இருதய நோயுள்ளவர்கள் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.

தங்கள் பலத்தை அளக்க விரும்புவோர்க்கு ஓர் எளிய சோதனை. கைகளை மார்பில் வைத்து, முப்பது விநாடியில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து முழுமையாக எழுந்து நிற்க முடிகிறது? எழுபது முதல் எழுபத்துநான்கு வயதுக்குள் பெண்களுக்குப் பத்துக்கும், ஆண்களுக்குப் பன்னிரண்டுக்கும் குறைந்தால் கால்பலம் தளர்ந்திருக்கிறது, விழும் ஆபத்து உண்டு என்று கணிக்கிறார்கள். இது அமெரிக்க முதியோரைக் கொண்டு வகுத்த அளவு. நமக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரோடு போட்டி போடவும் வேண்டாம். இந்த மாதம் நீங்கள் ஏழு என்றால், அடுத்த மாதம் எட்டு ஆகட்டும்.

உடல் எடையைக் குறித்துச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆயினும் சொல்கிறோம். பருமனான முழங்கால் நோயாளிகளை அளந்து 2005-இல் வெளியிட்ட கணக்கின்படி, உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் நான்கு கிலோ பாரம் குறைகிறது. ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் தசையும் சேர்ந்து போய்விடும். தனியாக வாழும் விதவைத் தாய்மார்கள் இரவில் கஞ்சியும் ஊறுகாயுமாக முடித்துக்கொள்வதை அறிவோம். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. ஐம்பது கிலோ எடைக்கு ஐம்பது கிராம். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம். மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று வேளைதோறும் ஏதேனும் ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்கிறபடி. அறுபதாம் வயது தொடங்கியவருக்கு ஒருசந்திக் கடமை இல்லை என்று திருச்சபைச் சட்டம் 1252 சொல்வதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

மாத்திரையைப் பற்றி இரண்டு வார்த்தை. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பெயர் தெரியாத பொடியைச் சாப்பிட்டு மூன்றே நாளில் வலி பறந்தது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். கடைசிக் கட்டத்தில் மூட்டு மாற்று அறுவை நல்ல பலன் தருகிறது. அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள். ஆனால் அறுவைக்குப் பின்னும் காலைத் தூக்கப்போவது இதே தொடைத் தசைதான். அதற்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் இல்லை.

நேர்ச்சையைப் பற்றிப் பலர் தனியே வந்து கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். வேளாங்கண்ணியில் முழந்தாளால் மணலில் நடப்பேன் என்று நாற்பது வயதில் நேர்ந்துகொண்டு, எழுபது வயதில் நிறைவேற்ற முடியாமல், செத்தால் என்ன ஆகுமோ என்று இரவில் தூங்காத ஒரு தாய் நம் பங்கில் இருக்கிறார். ஒருவர் தனிப்பட்ட முறையில் செய்த நேர்ச்சையை, அதற்குச் சமமான அல்லது மேலான வேறொரு நற்செயலாகத் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 1197, கூறுகிறது. அதற்கும் குறைந்த ஒன்றாக மாற்றவும், தகுந்த காரணமிருந்தால் நேர்ச்சையிலிருந்தே விடுவிக்கவும் பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு. தயங்காமல் வாருங்கள். ஐந்து நிமிட வேலை. மாதா நம் முட்டியைக் கேட்கிற தாய் அல்ல.

வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு. "நீங்க உக்காருங்கம்மா, தண்ணி நான் எடுத்தாறேன்" என்று மருமகள் சொல்வது பாசம்தான். நாள் முழுதும் அப்படியே செய்தால், அந்தப் பாசமே மாமியாரின் காலை மெலிய வைக்கும். அவரே எழுந்து எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அதைவிட அவசியம், கழிவறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் எரியும் சிறு விளக்கு. குந்தி உட்காரும் கழிவறையிலிருந்து எழ முடியாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். இதை அவர்கள் பிள்ளைகளிடம் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் கேட்கவேண்டும்.

ஊன்றுகோல் பிடிப்பவர்கள் வலிக்கிற காலின் பக்கத்தில் பிடிக்கிறீர்கள். மறுபக்கக் கையில் பிடிக்கவேண்டும். அப்போதுதான் நோயுற்ற மூட்டின் பாரம் குறையும். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது நோயுற்ற காலை முதலில் இறக்குங்கள். நல்லது மேலே போகும், கெட்டது கீழே போகும். ஞானோபதேசம் படித்தவர்களுக்கு இது மறக்காது.

படி என்றதும் நம் ஆலயத்தின் ஒன்பது படிகளுக்கு வருகிறோம். பொன்விழா நிதியில் மீதமுள்ள தொகையைக் கொண்டு தெருமுனையில் அலங்கார வளைவு கட்டவேண்டும் என்று விழாக்குழுவில் பெரும்பாலோர் விரும்பினீர்கள். அழகான எண்ணந்தான். ஆனால் வளைவுக்குள் நுழைந்து வந்தவர் படியடியில் நின்று திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நம்மால் அதை மந்திரிக்க முடியாது. சென்ற வாரம் பங்குப்பேரவையில் மூன்று மணி நேரம் வாதாடினோம். சிலருக்கு இன்னும் மனவருத்தம் இருப்பதை அறிவோம். முடிவு இதுதான்: வளைவு பிறகு. முதலில் படிகளின் இருபுறமும் இரும்புக் குழாயில் கைப்பிடி. வடக்கு வாசலில் சக்கர நாற்காலி ஏறும்படி சாய்தளம். முன்வரிசைகளில் இடப்புறம் கைப்பிடியுள்ள இருபது நாற்காலிகள். அவை முதியவர்களுக்கு மட்டும். பாடகற்குழுப் பிள்ளைகள் பையை வைப்பதற்கு அல்ல. எழுந்து வர முடியாதவர்களுக்கு நற்கருணை அந்த நாற்காலிக்கே வரும்.

நம் பங்கைச் சேர்ந்த இயன்முறை மருத்துவம் படித்த பெண் பிள்ளை ஒருத்தி, மாதத்தின் முதற் சனிக்கிழமை காலைத் திருப்பலிக்குப் பின் மண்டபத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி சொல்லித்தர இசைந்திருக்கிறாள். கட்டணம் இல்லை. வருகிறவர்கள் வீட்டிலிருந்து செபமாலையும், துணிப்பை ஒன்றும் கொண்டு வரவும். மணல் இங்கே கோவில் முற்றத்திலேயே இருக்கிறது.